ஆட்டோ கீல் மாட்டியாச்சு, இரண்டு கதவும் இடிக்கிறது: கிராங்க் கணக்கு தெரிந்தவர்கள் வரவும்

அல்சூர்_ஏரிக்கரை

வணக்கம். பெங்களூரு அல்சூரில் தாத்தா கட்டிய வீடு எங்களுடையது. சமையலறை மேடைக்குக் கீழே கடப்பாக் கல் தடுப்புகள். இத்தனை வருடமும் அம்மாவின் பழைய புடவைகள்தான் அதற்குத் திரை. மேலே சுவரில் வெறும் பலகை. இரண்டையும் நானே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். ஆசாரி கேட்ட கூலியில் பாதிக்கு மிஷின் வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு. மிஷின் வாங்கியாகிவிட்டது, கணக்குதான் இன்னும் முடியவில்லை.

முதலில் மேல் பெட்டி. 1000 மி.மீ. நீளம், 720 உயரம், நடுவில் ஒரு தடுப்பு, இரண்டு கதவு. 18 மி.மீ. பிளைவுட், வெளியே 1 மி.மீ. மைக்கா, உள்ளே 0.8. இரண்டு கதவுக்கும் கீல் இடது பக்கம்தான் வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. வலது கையில் கரண்டி இருக்கும்போது இடது கையால் கதவைத் துழாவ முடியாதாம்.

ஆட்டோ கீல் வாங்க எஸ்.பி. ரோடு போனேன். கதவின் உள்பக்கக் குழியில் ஒரு கப் இறங்கி, வெளியே தெரியாமல் ஸ்பிரிங்கில் தானே சாத்துமே, அந்தக் கீல். கடைக்காரர் "கிராங்க் எஷ்டு சார்?" என்றார், எவ்வளவு என்று கன்னடத்தில். எனக்கு அந்தச் சொல்லே புதிது. எது அதிகம் விற்கிறது என்று கேட்டேன். ஜீரோ என்றார். அப்போ ஜீரோவே கொடுங்கள் என்று ஒரு டஜன் வாங்கி வந்தேன்.

இடது கதவு அச்சாக உட்கார்ந்தது. வலது கதவு நடுத் தடுப்பை முழுசாக மூடிக்கொண்டு நிற்கிறது. இடது கதவைச் சாத்தினால் அதன் மேல் போய் ஏறுகிறது. வலது ஓரத்திலோ பக்கப்பலகை 8 மி.மீ. கூடுதலாகத் தெரிகிறது. கதவின் அளவு சரி, நான்கு முறை அளந்துவிட்டேன். கீலில் இருக்கும் திருகை எல்லாம் திருகிப் பார்த்தேன், 2 மி.மீ.க்கு மேல் நகரவில்லை. கதவை மறுபடி அறுக்க வேண்டுமா?

மரத்தூள்

ரம்பத்தைக் கீழே வையுங்கள். கதவில் தப்பு இல்லை.

பெட்டியின் ஓரப் பலகையை ஒரு கதவு மட்டும்தான் மூடுகிறது, அதனால் முழுசாக மூடலாம். நடுத் தடுப்பை இரண்டு கதவும் பங்கு போட வேண்டும். உங்கள் தடுப்பு 18 என்று நினைக்கிறீர்கள், இரு பக்கமும் உள் மைக்கா ஒட்டியிருந்தால் அது 19.5-க்கு வந்திருக்கும். நடுவில் 3 மி.மீ. சந்து விட்டால் மிச்சம் 16.5. ஆளுக்கு 8 மி.மீ. சொச்சம். ஜீரோ கிராங்க் கீல் கதவை 16, 17 மி.மீ. வரை தடுப்பின் மேல் தள்ளும். அந்த 8 மி.மீ. வித்தியாசம்தான் இங்கே இடிக்கிறது, வலது ஓரத்தில் தெரிகிறது. இரண்டும் ஒரே 8.

கிராங்க் என்பது கீலின் கையில் இருக்கும் வளைவு, மி.மீ. கணக்கில். கையைப் பக்கவாட்டில் பாருங்கள். நேராக நீண்டால் 0. கொஞ்சம் வளைந்திருந்தால் 8 அல்லது 9, கம்பெனியைப் பொறுத்து. அன்னத்தின் கழுத்து மாதிரி நன்றாக வளைந்திருந்தால் 16 முதல் 18 வரை. அது கதவு பெட்டிக்கு உள்ளேயே புகுந்து உட்காருவதற்கு. உங்களுக்கு வலது கதவுக்கு மட்டும் 8 கிராங்க் இரண்டு போதும். அதே கம்பெனி, அதே மாடல் வாங்கினால் கதவில் போட்ட குழியும் வீணாகாது, பெட்டியில் அடித்த பிளேட்டும் வீணாகாது. கையை மட்டும் மாற்றுகிறீர்கள்.

காக்ஸ்டவுன்_மாமி

இந்த நம்பரெல்லாம் எனக்கு மண்டையில் ஏறாது. நான் ஆசாரியிடம் இப்படித்தான் சொல்வேன்: கதவு மரத்தின் மேல் முழுசாகப் படுக்கிறதா, பாதி படுக்கிறதா, இல்லை உள்ளே போய் உட்காருகிறதா. மூன்றில் எது என்று சொன்னால் கடைக்காரனுக்கே கிராங்க் தெரிந்துவிடும்.

மரத்தூள்

மாமி சொன்னதுதான் முழுப் பாடமும். கீல் வாங்குவதற்கு முன்னால் கதவு எங்கே உட்காரப் போகிறது என்று முடிவாகியிருக்க வேண்டும். நிறையப் பேர் கீலை வாங்கிவிட்டுக் கதவை யோசிக்கிறார்கள்.

அல்சூர்_ஏரிக்கரை

பதிலைப் பார்த்த கையோடு ஓடிப்போய் 8 கிராங்க் வாங்கிவந்துவிட்டேன். அந்தக் கம்பெனியில் ஸ்டாக் இல்லை, வேறு கம்பெனி கொடுத்தார். "எல்லாம் ஒண்ணுதான் சார், எல்லாம் 35" என்றார். கப் குழியில் அழகாக இறங்கிவிட்டது. ஆனால் ஸ்க்ரூ ஓட்டை மட்டும் பழைய ஓட்டையில் பாதி, புதிய மரத்தில் பாதி என்று நிற்கிறது. ஸ்க்ரூ போட்டால் பழைய பள்ளத்துக்குள் சறுக்குகிறது, கீல் கோணலாகிறது.

மரத்தூள்

ஐயோ. "அதே கம்பெனி, அதே மாடல்" என்று எழுதியதைப் படிக்கவில்லையா?

35 என்பது கப்பின் விட்டம். அதில் எல்லாரும் ஒன்றுதான். கப்பின் இரு காதுகளிலும் உள்ள ஸ்க்ரூ ஓட்டைகளில்தான் ஆளுக்கு ஒரு வழி. பிளம் (Blum) கம்பெனிக் கீலில் அந்த இடைவெளி 45 மி.மீ., கப்பின் நடுவிலிருந்து 9.5 உள்ளே தள்ளி. ஹெட்டிக்கில் 52, 5.5 தள்ளி. இன்னும் பல கீல்களில் 48, 6 தள்ளி. உங்களுடையது 48-லிருந்து 52-க்கோ மறுபுறமோ மாறியிருக்கும். அதாவது ஒவ்வொரு ஸ்க்ரூவும் 2 மி.மீ. நகர்ந்திருக்கிறது. 10 மி.மீ. நகர்ந்தால் பிரச்சினை இல்லை, 2 மி.மீ.தான் கொடுமை.

பழைய ஓட்டையில் ஃபெவிகால் விட்டு, மூங்கில் குச்சியைச் சீவி இறுக்கமாகத் தட்டி இறக்குங்கள். தொடப்பக் குச்சி வேண்டாம், அது உள்ளே நசுங்கிவிடும். ஒரு ராத்திரி காயட்டும். காலையில் மேலே வழவழப்பாக வெட்டிவிட்டு, 2.5 மி.மீ. பிட்டில் புது ஓட்டை போட்டு அப்புறம் ஸ்க்ரூ. பிளேட்டும் மாறியிருக்கும், பழைய பிளேட்டில் புதுக் கை ஏறாது, அதையும் கவனியுங்கள்.

பழைய_ரம்பம்

ஜாலஹள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், வார்ப்புக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன் ஷாப்பில் 30 வருடம் மரம் அறுத்தவன் நான். ஒரு கேள்வி. சமையலறைக் கதவுக்கு எதற்கு இந்த ஆட்டோ கீல்? மூன்று அங்குலப் பித்தளைக் கீல் இரண்டு, ஒரு காந்தக் கொக்கி. எங்கள் வீட்டில் 1984-இல் மாட்டியது இன்னும் ஆடவில்லை. கிராங்கும் இல்லை, குழியும் இல்லை. உளியால் ஒரு பள்ளம், ஆறு ஸ்க்ரூ, வேலை முடிந்தது.

அல்சூர்_ஏரிக்கரை

ஐயா, அந்த உளிப் பள்ளம்தான் எனக்கு வராது. பித்தளைக் கீலில் ஒரு மி.மீ. தப்பினால் கதவு அப்படியே கோணலாக நிற்கும், கழற்றி மறுபடி செதுக்க வேண்டும். இதில் திருகினால் நகர்கிறதே.

பழைய_ரம்பம்

சரி, அது நியாயம். கைப்பழக்கம் இல்லாதவனுக்கு அந்தத் திருகு ஒரு வரம்தான், ஒத்துக்கொள்கிறேன். பேரன் வீட்டில் நானே இருபது கதவுக்கு மாட்டியிருக்கிறேன், தெரியாமல் பேசவில்லை.

மாட்டுவதென்றால் ஒழுங்காக மாட்டு. டேப்பை வைத்து ஒவ்வொரு கதவிலும் அளக்காதே. ஒவ்வொரு முறை அளக்கும்போதும் அரை மி.மீ. எங்காவது ஓடிப்போகும். ஒரு அளவுக் குச்சி செய்துகொள். கதவின் உயரத்துக்கு ஒரு பிளைவுட் பட்டி. அதில் கீழேயிருந்து 100 மி.மீ., மேலேயிருந்து 100 மி.மீ. என்று இரண்டு கோடு. அந்த உயரத்தில் உள் தட்டு வருகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள். தட்டும் கீலும் ஒரே இடத்தில் சந்தித்தால் ஒன்று விலக வேண்டும், தட்டு விலகாது.

குச்சியைப் பெட்டியின் அடிப்பகுதியோடு சேர்த்து வைத்துக் கோடு போடு. அதே குச்சியைக் கதவில் வைத்துக் கோடு போடு. கதவு பெட்டிக்குக் கீழே 3 மி.மீ. இறங்கி நிற்க வேண்டுமென்றால், கதவில் கோடு போடும்போது குச்சியின் அடியில் 1 மி.மீ. மைக்காத் துண்டு மூன்று வை. எண்ணே தேவையில்லை. பெட்டியில் முன் ஓரத்திலிருந்து உள்ளே 37 மி.மீ. தள்ளி ஒரு நேர்கோடு, பிளேட்டின் இரண்டு ஸ்க்ரூவும் அந்தக் கோட்டில் 32 மி.மீ. இடைவெளியில் வரும். கதவு உள்ளே புகுந்து உட்காரும் மாதிரி என்றால் 37-உடன் கதவின் கனத்தையும் கூட்டு. கதவு ஒரு நூல் உள்ளடங்கி நிற்க வேண்டுமென்றால் அதையும் சேர்.

கதவில் கப்பின் நடு, ஓரத்திலிருந்து 22.5 மி.மீ. அதாவது குழியின் விளிம்புக்கும் கதவின் ஓரத்துக்கும் 5 மி.மீ. மரம் நிற்கும். இந்த 5-ஐ 3-லிருந்து 6 வரை மாற்றலாம். ஒரு மி.மீ. கூட்டினால் கதவு ஒரு மி.மீ. அதிகமாகப் படுக்கும். பிளேட்டின் கனம் ஒரு மி.மீ. கூடினால் அதே அளவு குறையும். இந்த இரண்டு வாக்கியம் புரிந்தால் கீல் டப்பாவில் இருக்கும் அட்டவணை புரிந்துவிடும்.

கோலார்க்காரி

ஐயா சொல்வது போல் நான் செய்ததில்லை, ஆனால் குழி போடுவதில் என்னிடமும் ஒரு புத்தி இருக்கிறது. மைக்கா மேல் பிட் நிற்காமல் வழுக்கும். ஆணியால் நடுப்புள்ளியில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஆரம்பியுங்கள். மிஷினை மெதுவாகச் சுற்ற விடுங்கள். பிட்டைச் சுற்றி நின்று அதை நேராகப் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் ஜிக் ஆன்லைனில் கிடைக்கிறது, கையால் பிடித்துத் துளைப்பவர்களுக்கு அது இல்லாமல் குழி நேராக வராது. ஆழம் 12.5, அதிகபட்சம் 13.

அல்சூர்_ஏரிக்கரை

ஆழத்தைப் பற்றி இரண்டு நாள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? மூன்றாவது கதவில் பிட்டின் நடுமுனை வெளிப்பக்க மைக்காவைக் குத்திக்கொண்டு பரு மாதிரி எட்டிப் பார்க்கிறது.

கோலார்க்காரி

குழி 13 என்றாலும் நடுமுனை அதற்கும் சில மி.மீ. கீழே போகும். கதவு கிட்டத்தட்ட 20 மி.மீ. என்பதால் சாதாரணமாகத் தப்பிக்கும், 15 வரை போயிருப்பீர்கள். அந்தக் கதவைச் சிலிண்டர் இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள், யாரும் அங்கே உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். அப்படியே அந்தக் கதவின் அடியில் நாலு காற்று ஓட்டையும் போட்டுவிடுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும், மேலே ஓட்டை போட்டுப் பிரயோசனம் இல்லை.

ஒயிட்ஃபீல்டு_13வது_மாடி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஃபிளாட்டில் ஒரு இன்டீரியர் கம்பெனிதான் எல்லாம் செய்தது, பெயர் வேண்டாம். கதவுக்குப் பின்னால் இழுக்கும் கம்பிக் கூடை. கதவை முழுசாகத் திறந்தாலும் கூடை கதவின் ஓரத்தில் உரசிக்கொண்டுதான் வெளியே வரும். ஒரு வருடத்தில் கதவின் உள்பக்கம் பள்ளமே விழுந்துவிட்டது. கேட்டால் "கதவை இன்னும் நல்லாத் திறங்க மேடம்" என்கிறார்கள். 110 டிகிரிக்கு மேல் அது போகாது!

மரத்தூள்

110 டிகிரி கீலில் கதவு திறந்த பிறகும் அதன் கனத்தில் ஒரு பகுதி பெட்டியின் வாய்க்குள் நிற்கும். உள்ளே கூடையோ டிராயரோ இருந்தால் 155 டிகிரி கீல் வேண்டும், அது கதவைப் பெட்டியின் வாயிலிருந்து முழுசாக விலக்கிவிடும். அது விலை அதிகம். இல்லையென்றால் கூடையின் தண்டவாளத்துக்கும் பக்கப்பலகைக்கும் நடுவில் மரக்கட்டை வைத்து அதை உள்ளே தள்ள வேண்டும், கூடை சிறியதாகும். இரண்டில் ஒன்றை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இப்போது கூடையை மாற்றாமல் செய்யலாமென்றால் கீல்தான்.

ஒயிட்ஃபீல்டு_13வது_மாடி

நன்றி. எங்கள் அபார்ட்மென்டில் மதியம் 2 முதல் 4 வரை ட்ரில் சத்தம் கூடாது, ஞாயிறு முழுக்கவும் கூடாது. எப்போதுதான் செய்வது என்று பார்க்கிறேன். இன்னொன்று: சாஃப்ட் க்ளோஸ் அவசியமா? எங்களுடையதில் பாதி இப்போதே படார் என்று சாத்துகிறது.

பழைய_ரம்பம்

கதவை மெதுவாகச் சாத்துவதற்குக் கை இருக்கிறது.

காக்ஸ்டவுன்_மாமி

அந்தக் கை உங்கள் வீட்டில் யாருடையது என்று கேட்டுச் சொல்லுங்கள் ஐயா. இரண்டு பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் சாஃப்ட் க்ளோஸ் இல்லாவிட்டால் எனக்குத் தலைவலி.

மரத்தூள்

மாமி கட்சி நான். ஆனால் எல்லாக் கதவுக்கும் வேண்டாம். சின்ன, லேசான கதவில் இரண்டு கீலும் சாஃப்ட் க்ளோஸ் ஆனால் கதவு பாதியிலேயே யோசித்துக்கொண்டு நிற்கும், முழுசாகச் சாத்தாது. ஒன்று சாஃப்ட், ஒன்று சாதாரணம் என்று போடலாம். நல்ல கீல்களில் கப்பிலேயே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், தள்ளினால் அந்தக் கீலில் வேகத்தைக் குறைக்கும் டேம்பர் வேலை செய்யாது. மலிவு கீல்களில் உள்ளே உள்ள எண்ணெய் கசிந்ததும் படார் திரும்பி வந்துவிடும். உங்களுடையதில் அதுதான் நடந்திருக்கும் மேடம், கழற்றிப் பார்த்தால் கப்பில் பிசுபிசுப்பு தெரியும்.

கோலார்க்காரி

சின்க் அடியில் இருக்கும் கதவைப் பற்றி யாரும் பேசவில்லை. என் அனுபவம் சொல்கிறேன்.

வருடத்துக்கு ஒரு முறை அந்தக் கீல் துருப்பிடித்து இறுகிவிடும். ஈரம் என்று நினைத்து எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கீல் வாங்கினேன். கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை, "பாருங்க மேடம், 304." வாங்கினேன். அதுவும் பழுப்பேறியது. பிறகுதான் தெரிந்தது, 202 என்ற மலிவு ரக எஸ்.எஸ்.ஸும் காந்தத்தில் ஒட்டாது. காந்தம் 304-க்குச் சான்றே இல்லை. அதோடு தகடு எஸ்.எஸ். ஆக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் ரிவெட்டும் பல கீல்களில் வேறு இரும்புதான்.

ஆனால் உண்மையான குற்றவாளி அதுவும் இல்லை. சின்க் அடியில் பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டிலை வைத்திருந்தேன். மூடி இறுக்கமாக இருந்தாலும் அதன் ஆவி கசிந்துகொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் ஆசிட் ஆவி, கூடவே ஈரம். எந்த இரும்பு தாங்கும்? பாட்டிலை பால்கனிக்கு மாற்றி மூன்று வருடம் ஆகிறது. இப்போது அங்கே இருப்பது சாதாரண நிக்கல் பூச்சுக் கீல், ஒன்றும் ஆகவில்லை.

காக்ஸ்டவுன்_மாமி

இதைப் படித்ததும் எழுந்துபோய் என் சின்க் அடியைத் திறந்து பார்த்தேன். அதே பாட்டில்.

அல்சூர்_ஏரிக்கரை

மேல் பெட்டி முடிந்தது. மூங்கில் குச்சி வைத்தியம் வேலை செய்தது. நடுவில் 3 மி.மீ. சந்து மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி. அம்மா ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு "சரி" என்றார். அவர் வாயில் அது பெரிய விஷயம்.

இப்போது கீழ்ப் பகுதி. கடப்பாக் கல் தடுப்புகள், கல்லின் கனம் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. கல்லிலேயே கீலை மாட்ட முடியாது என்பது தெரியும். பக்கத்து வீட்டில் கல்லின் முன் விளிம்பில் ஒரு அங்குலச் சட்டம் அடித்து, அதில் கதவு வைத்திருக்கிறார்கள். அதையே செய்யலாமா? மேடையின் கிரானைட் வேறு முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறது.

பழைய_ரம்பம்

விளிம்பில் அடிக்காதே. கடப்பாக் கல் அடுக்கடுக்கான சுண்ணாம்புக் கல். விளிம்புக்குப் பக்கத்தில் துளை போட்டுப் பிளக்கை இறுக்கினால் அடுக்கு பிரிந்து சில்லு தெறிக்கும். துளைக்கும்போது மிஷினில் சுத்தியல் முறையை அணைத்துவிட்டுச் சுற்ற மட்டும் விடு, நேரமாகும், பரவாயில்லை.

பக்கத்து வீட்டு முறையில் இன்னொரு வம்பு. ஆட்டோ கீலின் பிளேட் முன் ஓரத்திலிருந்து 37 மி.மீ. உள்ளே உட்கார வேண்டும். ஒரு அங்குலச் சட்டம் 25 மி.மீ.யிலேயே முடிந்துவிடும். பிளேட் காற்றில் தொங்கும். அதற்குப் பின்னால் கட்டை கட்டையாக ஒட்டி, அது ஆடி, அந்தக் கதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

நீ இப்படிச் செய். 18 மி.மீ. பிளைவுட்டில் 100 மி.மீ. அகலப் பட்டி வெட்டு. அதைக் கல்லின் பக்கவாட்டு முகத்தில், தட்டையாகச் சேர்த்து நிறுத்து. துளைகள் கல்லின் விளிம்பிலிருந்து 60, 70 மி.மீ. உள்ளே வரும், கல்லுக்கு ஆபத்து இல்லை. பட்டியின் முன் ஓரம் கல்லைவிட 3 மி.மீ. வெளியே நிற்கட்டும். கல்லின் விளிம்பு எங்கேயும் நேராக இருக்காது, கதவு மரத்தில்தான் படிய வேண்டும், கல்லில் இல்லை. ஸ்க்ரூத் தலை மரத்துக்குள் அமிழட்டும், இல்லாவிட்டால் பிளேட் அதன் மேல் ஏறி உட்காரும். பட்டியின் அடியைத் தரையிலிருந்து ஒரு விரல் தூக்கி வை. வீடு கழுவுகிற தண்ணீர் எல்லாம் பிளைவுட் குடிக்கும்.

கல் செங்குத்தாக இருக்கிறதா என்று குண்டு நூல் விட்டுப் பார்த்தாயா? இருக்காது. பட்டிக்கும் கல்லுக்கும் நடுவில் மைக்காத் துண்டு செருகி நேராக்கு. இங்கே சோம்பல்பட்டால் கீலில் உள்ள எந்தத் திருகும் உன்னைக் காப்பாற்றாது.

மரத்தூள்

ஐயா சொன்னதோடு கிரானைட்டைப் பற்றி: மேடையின் முன் நோசிங் (முன்னால் நீளும் விளிம்பு) எவ்வளவு கீழே இறங்குகிறது, எவ்வளவு முன்னால் நீள்கிறது என்று அளந்துவிடுங்கள். கதவு நோசிங்குக்குக் கீழே 4, 5 மி.மீ. விட்டு நிற்க வேண்டும். கைப்பிடி இல்லாத டிசைன் என்று ஆசைப்பட்டால் விரல் போக வழி இருக்காது.

ஹோசூர்_ரோடு_பஸ்

ஒரு கதவுக்கு எத்தனை கீல் என்று யாராவது சொல்லுங்கள். எங்கள் ஆசாரி எல்லாவற்றுக்கும் மூன்று போடச் சொல்கிறார்.

மரத்தூள்

900 மி.மீ. உயரம் வரை, 5, 6 கிலோ வரை என்றால் இரண்டு போதும். 1600 வரை மூன்று. 2000 வரை நான்கு. அல்சூர்க்காரரின் மேல் கதவு ஏறக்குறைய 5 கிலோ வரும். கதவு அகலமாக இருந்தால் அதே எடைக்கும் கீலில் இழுப்பு அதிகம், 600-க்கு மேல் போகாதீர்கள். தேவையில்லாமல் மூன்றாவதைப் போட்டால் மூன்றும் ஒரே கோட்டில் இல்லாதபோது ஒன்றோடொன்று சண்டை போடும்.

ஹோசூர்_ரோடு_பஸ்

இன்னொன்றும். அவர் ஸ்க்ரூவைச் சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்று மட்டும் திருகுகிறார். சரியா?

பழைய_ரம்பம்

அவரை உடனே நிறுத்து. சுத்தியலால் அடித்த ஸ்க்ரூ ஆணிதான். மரையைச் சுற்றி மரம் கிழிந்துவிடும். இன்றைக்கு இறுக்கமாகத் தெரியும், ஆறு மாதத்தில் கதவு தொங்கும். அப்புறம் "கீல் மட்டம்" என்பார். ஒரு சின்ன ஓட்டை போட்டுத் திருகச் சொல். கறுப்பு நிற ஜிப்சம் ஸ்க்ரூ வைத்திருந்தால் அதையும் வாங்கி வை, அது இறுக்கும்போதே தலை முறியும்.

கோலார்க்காரி

கதவு தொங்கினால் எந்தத் திருகு என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், அம்மாக்களுக்கு உதவும். பிளேட் பக்கம் இரண்டு திருகு தெரியும். கதவுக்குக் கிட்டே இருப்பது இடம் வலம். பின்னால் இருப்பது உள்ளே வெளியே; கீல் பக்கம் கதவு பெட்டியில் உரசினால் அதைத் தளர்த்திக் கொஞ்சம் வெளியே இழுத்து இறுக்குங்கள். மேல் கீழ் வேண்டுமென்றால் பிளேட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்த வேண்டும். கதவு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மேல் கீலில் ஒரு பக்கம், கீழ்க் கீலில் எதிர்ப் பக்கம், கால் சுற்று கால் சுற்றாக.

ஒயிட்ஃபீல்டு_13வது_மாடி

இதை வைத்து இப்போதே ஐந்து கதவைச் சரி செய்துவிட்டேன். ட்ரில் தேவையில்லை, சத்தமும் இல்லை. ஒரு கதவு மட்டும் என்ன திருகினாலும் மேல் மூலை வெளியே நிற்கிறது.

மரத்தூள்

அது கீல் இல்லை, கதவே வளைந்திருக்கிறது. உள்பக்கம் மைக்கா ஒட்டாமல் வெறும் பெயின்ட் அடித்திருக்கிறார்களா பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மைக்கா என்றால் மழைக்காலத்தில் மறுபக்கம் ஈரம் குடித்து வில்லாகும்.

ஒயிட்ஃபீல்டு_13வது_மாடி

வெறும் பெயின்ட்தான்.

அல்சூர்_ஏரிக்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கீழ்ப் பகுதியில் ஆறு கதவும் ஏறிவிட்டன. கல்லில் துளை போட்ட இரண்டு நாள் வீடு முழுக்கக் கறுப்புத் தூள், அந்த இரண்டு நாளும் சாப்பாடு ஹோட்டலில். ஒரு கல் மேலேயிருந்து கீழே வருவதற்குள் 7 மி.மீ. சாய்ந்திருந்தது, ஐயா சொன்ன குண்டு நூல் விடாமல் இருந்திருந்தால் அவ்வளவுதான். ஏழு மைக்காத் துண்டு செருகினேன். பரு எட்டிப் பார்த்த கதவு சிலிண்டர் பக்கம் போய்விட்டது, அடியில் காற்று ஓட்டைகளோடு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, தன் சட்டத்தைப் பிரிக்க எவ்வளவு ஆகும் என்று என்னிடம் விலை கேட்டார்.

மிச்சம் ஜீரோ கிராங்க் கீல் நான்கு இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா? 48 மி.மீ., பிளேட்டோடு.

காக்ஸ்டவுன்_மாமி

கீல் வேண்டாம் தம்பி. என் கதவு உள்ளே புகுந்து உட்காருகிற ரகம். அந்த அளவுக் குச்சி இருக்கிறதே, அதைக் கொடுத்தால் என் ஆசாரியிடம் காட்டுவேன்.

அல்சூர்_ஏரிக்கரை

உங்கள் கதவின் உயரத்துக்கு அது சேராது மாமி. 720 என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் அம்மா பால் கணக்கு எழுதிவிட்டார், அதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.